நூற்றொன்பதாவது கருவி

கப்பல்கள் காற்றை மட்டுமே நம்பிக் கடல் தாண்டிய முன்னொரு காலத்தில், கரையோரமாக ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதைச் சந்திரசூட பூபதி என்ற மகாராஜா ஆண்டுவந்தார். நல்லவர், நியாயஸ்தர். ஆனால் அவருக்கு ஒரு பித்து உண்டு. எந்த நாட்டு இசைக்கருவியைக் கண்டாலும் அது தமக்கு வேண்டும் என்பார்.

அந்தப் பித்துக்குத் தூபம் போட்டவர் உத்தண்டராயர் என்ற அதிகாரி. "துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலும் ஒரு வாத்தியத்தைக் காணிக்கையாக வைத்துவிட்டுத்தான் சரக்கை இறக்க வேண்டும் என்று கட்டளையிடலாம், மகாராஜா" என்று யோசனை சொன்னவர் அவர்தான். மகாராஜாவும் சரியென்று முத்திரை குத்திவிட்டார். கரையில், பழைய அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில், இசைமண்டபம் எழும்பியது. உத்தண்டராயரே அதற்குக் காவல் அதிகாரி ஆனார்.

பத்துப் பதினைந்து வருடத்தில் மண்டபம் நிறைந்துவிட்டது. பதினேழு மூங்கில் குழாய்களைக் கொத்தாகக் கட்டிய சீனத்து வாய்க்குழல் இருந்தது. ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும். நூறு தந்திகள் பூட்டிய பாரசீகப் பெட்டி இருந்தது. அதை இரண்டு சின்னக் குச்சிகளால் தட்ட வேண்டும். சாவகத் தீவினர் தட்டி இசைக்கும் வெண்கலக் குமிழ்கள், ஆப்பிரிக்கக் கரையின் கட்டைவிரலால் சுண்டும் இரும்பு நாக்குகள், பரங்கியர் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதும் ஆட்டுத்தோல் பை, ஓடம்போல வளைந்த பர்மிய யாழ், நம்மூர்ப் பறை, கொம்பு, உடுக்கை என்று மொத்தம் நூற்றெட்டு. யாரும் தொடக்கூடாது என்பதால் எல்லாம் பளபளவென்று ஊமையாகக் கிடந்தன. மண்டபத்து வாசலில் இரண்டு விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார் உத்தண்டராயர். எந்தக் கருவியும் இந்த வாசலைத் தாண்டி வெளியே போகக்கூடாது. எந்த அயல்நாட்டான் காலும் இந்தத் தரையில் படக்கூடாது.

அரண்மனையில் விகடகவியாக இருந்தவன் வேம்பையன். துறைமுகத்துத் தோணிக்காரர் மகன். குள்ளம், கறுப்பு, எப்போதும் சிரிக்கத் தயாரான வாய். அந்த வாய்தான் உத்தண்டராயரை அவனுக்குப் பகையாக்கியது.

ஒருநாள் அரபுக் கப்பலிலிருந்து வாங்கிய ஒரு வாத்தியத்தை உத்தண்டராயர் சபைக்கு எடுத்துவந்தார். பலாக்கொட்டையை நெடுக்காகப் பிளந்ததுபோல ஒரு மரவயிறு, பின்னால் மடங்கிய கழுத்து, மேலே தந்திகள். "இதன் பெயர் ஊது, மகாராஜா" என்றவர், பெயரை நம்பி அதன் துளையில் வாயை வைத்து 'பூ' என்று ஊதினார். உள்ளே இருந்த தூசி மொத்தமும் அவர் முகத்தில் அடித்தது.

வேம்பையன் எழுந்து கும்பிட்டான். "ராயர் அவர்களே, நல்லவேளை, அதற்குக் கடி என்று பெயர் வைக்கவில்லை."

சபை குலுங்கியது. மகாராஜா அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உத்தண்டராயர் முகத்துத் தூசியைத் துடைத்தபடி, சமயம் வரட்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

சமயம் ஏழு வருடம் கழித்து ஓர் ஐப்பசியில் வந்தது. மகாராஜா சபையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் முகம் வாடியிருந்தது. அன்று அவருக்கு ஐம்பது வயது நிறைந்த நாள்.

"மந்திரிகளே, எனக்கு ஓர் ஆசை. சிறுவயதில் ஓர் ஓசையைக் கேட்டேன். எந்த வாத்தியம் என்று தெரியாது. அதைத் தேடித்தான் இத்தனையும் சேர்த்தேன். நூற்றெட்டுக் கருவிகளையும் வந்த அன்றே வாசிக்கச் செய்து கேட்டாயிற்று, ஒன்றிலும் அது இல்லை. இன்னும் ஒரு கருவி எங்கோ இருக்கிறது. சாவதற்குள் அதைக் கேட்டுவிட வேண்டும்."

உத்தண்டராயர் எழுந்தார்.

"மகாராஜா, அந்தக் கருவி எதுவென்று தனக்குத் தெரியும் என்று நம் விகடகவி என்னிடம் பெருமையடித்தார். துறைமுகத்தில் பிறந்தவர் அல்லவா? அவர் பார்க்காத கப்பலா?"

வேம்பையன் அப்படி எதுவும் சொன்னதில்லை. மறுப்பதற்கு வாயைத் திறந்தவன், மகாராஜாவின் முகத்தைப் பார்த்தான். பண்டம் கொண்டுவந்த அம்மாவின் முந்தானை முடிச்சைப் பார்க்கும் குழந்தையின் முகம்போல அது மலர்ந்திருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"உண்மையா, வேம்பையா?"

"முயன்று பார்க்கிறேன், மகாராஜா" என்றான்.

"அரசரிடம் முயற்சி என்ற சொல்லுக்கு இடமில்லை" என்றார் உத்தண்டராயர். "எட்டு நாள் தவணை தரலாம். கொண்டுவராவிட்டால், பொய்யுரைத்த குற்றத்துக்காக அடுத்த கப்பலில் நாட்டைவிட்டு அனுப்பிவிடலாம்."

மகாராஜா அதற்கும் தலையசைத்துவிட்டார். ஆசை கண்ணை மறைத்திருந்தது.

வேம்பையன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அவன் மனைவி செம்பாயி அரிசி களைந்த கையோடு வெளியே வந்தாள்.

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலயா உங்களுக்கு? ஊரு வாயெல்லாம் அடைக்கிற வாயி, அப்ப எங்க போச்சு?"

"அவரு மொகத்தப் பாத்திருந்தா நீயும் சொல்லிருக்க மாட்ட, செம்பா."

"நான் எந்த மொகத்தப் பாத்தாலும் சொல்லிருப்பேன்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாட்கள் வேம்பையன் மகாராஜாவின் அனுமதியோடு இசைமண்டபத்திலேயே கிடந்தான். ஒவ்வொரு கருவியாகத் தட்டினான், சுண்டினான், ஊதினான். மாலையில் மகாராஜா வருவார்.

"எப்படிப்பட்ட ஓசை, மகாராஜா?"

"தேனீக் கூட்டம்போல ஒரு ரீங்காரம். நடுவில் யாரோ அழுவதுபோல ஒரு இழைப்பு. அடியில் இடிமாதிரி ஏதோ உருளும். அலையும் இருக்கும்."

ரீங்காரத்துக்குத் தம்புரா காட்டினான். அழுகைக்குக் குழல் காட்டினான். இடிக்கு முரசைத் தட்டினான். ஒவ்வொன்றுக்கும் மகாராஜா சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். உத்தண்டராயர் தூணில் சாய்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் பொழுது சாயும் நேரத்தில் வேம்பையன் துறைமுகத்துக்கு நடந்தான். பருவக்காற்றுக்காகக் காத்து நாற்பது கப்பல்கள் நின்றன. கரையில் மாலுமிகள் கும்பல் கும்பலாக உட்கார்ந்து சொக்கட்டான் ஆடினார்கள், வலை முடைந்தார்கள், சும்மா கடலைப் பார்த்தார்கள். எங்கும் பேச்சுச் சத்தம்தான். வேம்பையனுக்கு ஏனோ அந்தக் கரை அந்நியமாகத் தோன்றியது. ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

இசைமண்டபத்தின் வாசலில் ஒரு கிழவர் காவல்காரனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை. பெயர் ஹாரூன். நாற்பத்தைந்து வருடமாக வந்துபோகும் அரபு மாலுமி.

"என் ஊது... சௌக்கியமா இருக்கா?"

"இருக்கு பெரியவரே, போங்க" என்றான் காவல்காரன்.

"வெயிலு படாத எடத்துல வச்சிருக்கீங்களா? மழையில மரம் ஊதிப் போயிரும்."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வருசா வருசம் இதையே கேக்குறீங்க."

கிழவர் திரும்பி நடந்தார். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்து, வாசலோடு திரும்பும் தகப்பனைப்போல இருந்தது அந்த நடை. உத்தண்டராயர் தூசி குடித்தது இந்தக் கிழவரின் வாத்தியத்தில்தான் என்று வேம்பையனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று தான் சிரித்த சிரிப்பு இப்போது கசந்தது. அவரோடு சேர்ந்து நடந்தான்.

"ஏழு வருசமாச்சு, தம்பி" என்றார் ஹாரூன். இடுப்புத் துணியை அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்த நரம்புகளைக் காட்டினார். "புது நரம்பு. எப்பவாவது குடுத்தா மாட்டணும்னு வச்சிருக்கேன். நீ இந்தக் கரையில பொறந்தவன்தானே? உனக்கு ஞாபகம் இல்லையா? அந்தக் காலத்துல அந்தி சாஞ்சா இங்க நிக்க முடியாது. சீனத்தான் ஒரு பக்கம் ஊதுவான், சாவகத்தான் குமிழத் தட்டுவான், பரங்கி அந்த ஆட்டுத்தோலை அமுக்குவான், நான் இந்தப் படகு மேல உக்காந்து மீட்டுவேன். ஒருத்தன் பாட்டு ஒருத்தனுக்குத் தெரியாது. ஆனா எல்லாம் சேந்துதான்! இப்ப வாத்தியம் எல்லாம் உள்ள. நாங்க வெளிய."

வேம்பையன் நின்றுவிட்டான். குறைந்தது என்னவென்று இப்போது தெரிந்தது. ஐந்தாறு வயதில் இதே மணலில் அம்மணமாக ஆடியது, அப்பா தோணியின் விளிம்பில் துடுப்பால் தாளம் போட்டது, பரங்கியின் பையை மிதித்துப் பார்த்து அடி வாங்கியது எல்லாம் திமுதிமுவென்று வந்தன. ரீங்காரம், அழுகை, இடி, அலை. மகாராஜா ஒரு கருவியைத் தேடவில்லை. ஒரு கரையைத் தேடுகிறார்.

"பெரியவரே, உங்க ஆளுங்கள எல்லாம் கூட்ட முடியுமா?"

"கூட்டி? உள்ள கால் வைக்க விடமாட்டானே. வாத்தியத்தையும் வெளிய விடமாட்டான்."

வேம்பையன் கல்வெட்டின் வாசகத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு துறைமுகச் சுமைகாரர்களின் தலைவன் முத்திருளனைத் தேடிப் போனான்.

எட்டாம் நாள் பிற்பகல் மகாராஜா மண்டபத்துக்கு வந்து ஆசனத்தில் அமர்ந்தார். உத்தண்டராயர் வாசலில் நின்றார். கரைப்பக்கம் 'ஏலே ஏலோ' என்று சத்தம் கேட்டது. பார்த்தால், நாற்பது சுமைகாரர்கள் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு மாலுமி உட்கார்ந்திருக்கிறான். முன்னால் முத்திருளன் தோளில் ஹாரூன் கிழவர், தலைப்பாகை வாசல் உத்தரத்தில் இடித்துவிடாமல் குனிந்துகொண்டு வருகிறார்.

"நிறுத்துங்கள்!" என்று உத்தண்டராயர் கத்தினார். "அயல்நாட்டான் கால் இந்தத் தரையில் படக்கூடாது. அரச கட்டளை!"

"படவில்லையே, ராயர் அவர்களே" என்றான் வேம்பையன். "சந்தேகம் இருந்தால் குனிந்து பாருங்கள்."

உத்தண்டராயர் உண்மையாகவே குனிந்தார். தரையில் தெரிந்ததெல்லாம் முத்திருளன் கூட்டத்தின் புழுதிக் கால்கள்தான்.

"நல்லா பாருங்க சாமி, இது உள்ளூரு காலு" என்று முத்திருளன் விரல்களை அசைத்துக் காட்டினான்.

மகாராஜா சிரித்துவிட்டார். "விதி மீறப்படவில்லை. உள்ளே வரட்டும்."

ஒவ்வொருவன் கையிலும் அவனவன் வாத்தியத்தை எடுத்துக் கொடுத்தான் வேம்பையன். ஆப்பிரிக்க மாலுமி இரும்பு நாக்குகளை முகத்தோடு வைத்துத் தேய்த்துக்கொண்டான். சீனத்துக்காரன் குழாய்களுக்குள் இருந்த சிலந்திக்கூட்டை ஊதித் தள்ளினான். ஹாரூன் தோளில் இருந்தபடியே பழைய நரம்புகளைக் கழற்றிப் புது நரம்புகளை மாட்டினார். முத்திருளன் அசையாமல் நின்றான்.

பிறகு எல்லாரும் ஒன்றாக வாசித்தார்கள். அப்பப்பா! தூண்கள் அதிர்ந்தன. கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. வேம்பையனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதே இரைச்சல். அப்பாவின் துடுப்புத் தாளம் மட்டும்தான் இல்லை.

அவன் மகாராஜாவைப் பார்த்தான். முதலில் அவர் முகம் விரிந்தது. முன்னால் சாய்ந்தார். பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்தார். கையை உயர்த்தினார். வாத்தியங்கள் நின்றன.

"இது அல்ல, வேம்பையா" என்றார் வருத்தமாக. "இதைப்போல இருக்கிறது. ஆனால் இது அல்ல."

"கப்பல் தயாராக நிற்கிறது, மகாராஜா" என்றார் உத்தண்டராயர்.

இவ்வளவு கிட்டத்தில் வந்து எங்கே தவறினோம்? செம்பாயி மூட்டை கட்டிக்கொண்டு கரையில் நிற்பது மனதில் வந்துபோனது. எட்டு நாளும் என்ன ஓசை, என்ன ஓசை என்றுதான் கேட்டிருந்தான். வேறொன்றைக் கேட்கவே இல்லை.

"மகாராஜா, போகும் முன் ஒரே ஒரு கேள்வி. தாங்கள் அதை எங்கே இருந்து கேட்டீர்கள்?"

மகாராஜா மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டிருந்தது. பழைய அரண்மனை மேல்மாடியில் படுக்க வைத்திருந்தார்கள். சன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். அம்மா ஒருத்திதான் பக்கத்தில். வேப்பிலைக் கொத்தால் விசிறிக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் அந்த ஓசை வரும். வந்ததும் அம்மா விசிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நானும் கேட்பேன். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று அழுவேன். உடம்பு தேறட்டும், கூட்டிப்போகிறேன் என்பாள். எனக்குத் தேறியது. அம்மாவுக்கு ஒட்டிக்கொண்டது. அவளுக்குத் தேறவில்லை. அதன்பிறகு எங்களை உள்நாட்டு அரண்மனைக்கு மாற்றிவிட்டார்கள்."

ஹாரூன் தலை குனிந்தார். சீனத்துக்காரனுக்குப் பேச்சு புரியவில்லை. ஆனால் அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

"எழுந்து வாருங்கள், மகாராஜா" என்றான் வேம்பையன்.

"எங்கே?"

"அந்த மேல்மாடிக்கு. கருவிகள் வாசலைத் தாண்டக்கூடாது என்றுதான் விதி. கேட்பவர் தாண்டக்கூடாது என்று இல்லையே."

பழைய அரண்மனைப் பூட்டு துருப்பிடித்துக் கிடந்ததால் உடைக்க வேண்டியதாயிற்று. படியெங்கும் வௌவால் எச்சம். மகாராஜா ஒவ்வொரு படியாக ஏறினார். மேல்மாடி அறையில் கட்டில்கூட இல்லை. அவர் வெறும் தரையில், சுவரோரமாக, ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் உட்கார்ந்தார். வேம்பையன் சன்னல் வழியாக மண்டபத்தை நோக்கி, வாசிக்கலாம் என்று மேல்துண்டை வீசிக் காட்டிவிட்டு, மரக்கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினான். அறை மங்கியது.

முதலில் அலையின் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு வந்தது. தேனீக்கள்போல ஒரு ரீங்காரம். நடுவில் யாரோ அழுவதுபோல ஒரு இழைப்பு. அடியில், தொலைவில், இடிபோல ஏதோ உருண்டது. எந்த ஓசை எந்த வாத்தியம் என்று பிரிக்கவே முடியவில்லை.

மகாராஜா கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த வெறும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்து உத்தண்டராயர்தான் தொண்டையைக் கனைத்தார். "மகாராஜா மன்னிக்க வேண்டும். இவர் புதிதாக ஒரு கருவியைக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். மண்டபத்தில் வாசிப்பது பழைய நூற்றெட்டுதான். நூற்றொன்பதாவது எங்கே?"

வேம்பையன் சாத்திய சன்னலைத் தட்டிக் காட்டினான். "இதோ இருக்கிறது, ராயர் அவர்களே. இந்தச் சன்னலும், அங்கிருந்து இங்குவரை உள்ள தூரமும், நடுவில் இரைகிற கடலும் சேர்ந்தால் ஒரு கருவி. தூக்கிவரச் சுமைகாரர்களால் முடியவில்லை. அதனால் மகாராஜாவை இதனிடம் அழைத்துவந்தேன்."

மகாராஜா கண்ணைத் திறந்தார். கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது. "கேட்டீரா, உத்தண்டராயரே? இதையும் உமது மண்டபத்தில் வைத்துப் பூட்டுவீரா?" என்றவர், வேம்பையன் பக்கம் திரும்பினார். "அந்த நாளில் நீ எங்கே இருந்தாய்?"

"கீழே, மணலில் ஆடிக்கொண்டிருந்தேன், மகாராஜா. உண்மையைச் சொன்னால், எனக்கு அது இனிமையாகவே இருந்ததில்லை. ஒரே காதடைப்பு."

மகாராஜா இன்னும் பலமாகச் சிரித்தார். பிறகு ஏதோ தோன்றியதுபோல நிறுத்தினார். "அப்படியானால் இப்போது ஏன் கரையில் அந்த ஓசை இல்லை?"

உத்தண்டராயர் வேறு பக்கம் பார்த்தார். வேம்பையன் கை கட்டி நின்றான். இதற்கு விகடமாகப் பதில் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"தாங்கள்தான் எடுத்துப் பூட்டிவிட்டீர்கள், மகாராஜா. ஹாரூன் கிழவர் ஏழு வருடமாக வாசலில் வந்து தம் ஊதைப் பற்றி விசாரித்துவிட்டுப் போகிறார்."

மகாராஜா எழுந்தார். குரல் உறுதியாக இருந்தது. "காணிக்கைக் கட்டளை இன்றோடு முடிந்தது. ஒவ்வொரு வாத்தியமும் அதற்குரியவனிடம் போகட்டும். இன்று வராதவர்களுடையது அவர்கள் வரும்வரை பத்திரமாக இருக்கட்டும். உத்தண்டராயரே, எது யாருடையது என்று நீரே கேட்டறிந்து, உம் கையாலேயே கொடும். வேம்பையா, உனக்கு என்ன வேண்டும்? ஒரு கிராமம் தரட்டுமா?"

"கிராமத்தைச் செம்பாயி பேரில் எழுதிவிடுங்கள், மகாராஜா. எட்டு நாளாக வீட்டில் எனக்குச் சோறு போட்டவள் அவள். முகம் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். எனக்கு வேறொன்று வேண்டும். நாளைக்குச் சாயங்காலம் தாங்கள் மணலுக்கு இறங்கிவர வேண்டும்."

மறுநாள் அந்தியில், செருப்பைக் கழற்றிவிட்டு, மகாராஜா கரைக்கு வந்தார். மெய்க்காவலர்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். ஒரு படகின் மேல் ஹாரூன் இறகு முனையால் நரம்பை மீட்டிக்கொண்டிருந்தார். உத்தண்டராயர் கடைசியாக மிஞ்சிய வெண்கலக் குமிழைத் தோளில் சுமந்துகொண்டு, வியர்த்து விறுவிறுத்து, சாவகத்தானைத் தேடி அலைந்தார். முத்திருளன் பறை அடித்தான். ஒருவன் பாட்டு ஒருவனுக்குத் தெரியவில்லை.

பரங்கிக்காரன் ஒருவன் ஆட்டுத்தோல் பையை மகாராஜாவின் காதருகே கொண்டுவந்து முழுமூச்சாக அமுக்கினான். அவர் திடுக்கிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அப்படிப் பொத்தியபடியே, ஐம்பது வயது மனிதர், ஈர மணலில் வாய்விட்டுச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பையன் கழுத்தில் போட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார்.

அந்த இரைச்சலில் அவர் சிரிப்பு யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற வேம்பையனுக்கு மட்டும் கேட்டது.